கம்பில் உட்காரும் தொழில்

இலங்கைப் பக்கமே போகாதவர்கள்கூட அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். அலையடிக்கும் கடலில் நட்ட கம்புகள், ஒவ்வொன்றின் மேலும் ஒருவர், கையில் தூண்டில். 1985-இல் நேஷனல் ஜியாகரஃபிக் அட்டையில் வந்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியைப் படமெடுத்த ஸ்டீவ் மெக்கரி, 1995-இல் இலங்கைத் தென்கரையின் வெலிகமவில் எடுத்தது அது. பிறகு அந்தக் கரையில் அதே படத்தை எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. படம் எடுப்பதற்கென்றே ஊர் சுற்றுகிறவர்களின் பட்டியலில் ஐஸ்லாந்து அருவிக்கும் ஆப்பிரிக்கச் சிங்கத்துக்கும் பக்கத்தில் இந்தக் கம்பும் ஏறிவிட்டது. அதன்மேல் உட்கார்ந்திருப்பவருக்கு அது என்ன மாதிரி வேலை என்று பார்க்கத்தான் ஒரு ஜனவரியில் காலி நகரிலிருந்து அதே தென்கரையில் இருக்கும் கொக்கலவுக்குக் கிளம்பினேன்.

ஓட்டோக்காரர் காலிக் கோட்டையைச் சேர்ந்த முஸ்லிம். வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம். அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிட்டதும் நெருங்கிவிட்டார். "படம் எடுக்கவா, பார்க்க மட்டுமா? எடுக்கிறதுன்னா மொதல்ல சல்லியப் பேசிருங்க. எறங்கின பொறகு பேசினா சண்டைதான்" என்றார். எனக்கும் மீனவர்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் அவரே.

கம்பு மணலில் நிற்பதில்லை. கரையோரப் பவளப்பாறையின் பொந்தில் இறுக்கி நட்டிருக்கிறார்கள். நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் மேலே ஒரு குறுக்குக் கட்டை, அதுதான் இருக்கை. அதில் ஏறி, ஒரு கையால் கம்பைப் பிடித்து, மறு கையால் தூண்டிலை வீச வேண்டும். கிடைப்பதெல்லாம் சாளை மாதிரியான பொடி மீன்கள். பிடித்ததை இடுப்பிலோ கம்பிலோ கட்டிய பையில் போட்டுக்கொள்வார்கள். வலை போட்டால் மீன் மிரண்டு இடத்தையே விட்டுப் போய்விடும், கம்பின் நிழலுக்கு மீன் பயப்படாது என்றார் பெரியவர் ஒருவர். அவர் அப்பா இதே பாறையில் கம்பு நட்டவராம்.

சுற்றுலாக் கையேடுகள் இதைப் புராதனக் கலை என்று எழுதுகின்றன. அவ்வளவு புராதனம் ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாடு வந்து, கரையில் தூண்டில் போட இடம் போதாமல், கவிழ்ந்த கப்பல்களின் மீதும் விழுந்த விமானங்களின் மீதும் ஏறி மீன்பிடிக்கப் போய், அங்கிருந்து கம்புக்கு வந்தார்கள் என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கொக்கல அப்போது போர்முனையை ஒட்டிய ஊர். ஏரியில் பிரிட்டிஷ் கடல்விமானத் தளம் இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை வருவதைக் கண்டு சொன்ன லியனார்ட் பர்ச்சாலின் கேடலினா விமானம் இங்கிருந்து கிளம்பியதுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் கம்பு மீன்பிடிப்பை விடப் புகைப்படக் கலைக்கு நூறு வயது கூடுதல்.

நாலு மணிக்கு மேல் வேன் வந்து நின்றது. பயிற்சி வகுப்புக்கு வந்த வெளிநாட்டுப் படக்காரர்கள், முழங்கால் தண்ணீரில் முக்காலியை ஊன்றினார்கள். இந்தக் கரை தென்மேற்கைப் பார்த்தது. டிசம்பர், ஜனவரியில் சூரியனும் தென்மேற்கே இறங்குவதால் நேராகக் கடலில் விழும், ஆட்கள் கருநிழலாகத் தெரிவார்கள். ஜூன் மாதம் வந்தால் சூரியன் வடமேற்குக்கு நகர்ந்துவிடும், தென்மேற்குப் பருவக்காற்றில் கடலும் கொந்தளிக்கும்.

நான் கேமராக்காரர்களை விட்டுவிட்டுக் கம்புக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததில் முதலில் கண்ணில் பட்டது, தூண்டிலில் முள் இல்லை. கோல் இருக்கிறது, தங்கூஸ் இருக்கிறது, முனையில் ஒன்றுமில்லை. பெரியவரிடம் கேட்டேன். சிரித்தார். "வெளக்கு போடற நேரத்துல மீனைக் கழட்டிக்கிட்டிருந்தா படம் யாருக்கு?" என்று நானா மொழிபெயர்த்தார்.

அதற்காக இவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் பட்டுத்துணி போல விழ வேண்டுமென்றால் ஷட்டரை அரை விநாடியாவது திறந்து வைக்க வேண்டும். அந்த அரை விநாடி கம்பு ஆடக் கூடாது, ஆளும் அசையக் கூடாது. பெரிய அலைகள் கூட்டமாக வந்து போனபின் ஒரு சிறு அமைதி வரும். அதைக் கம்புக்காரர் கேமராக்காரருக்கு முன்பே கண்டுபிடித்து, மூச்சை அடக்கிக் கோலைச் சாய்க்கிறார். பக்கத்துக் கம்புக்காரரின் உருவத்தோடு தன் உருவம் ஒட்டிவிடாமல் தோளைத் திருப்பிக்கொள்கிறார். கரையிலிருந்து யாரும் கத்திச் சொல்லவில்லை. இது மீன்பிடிக்கிற திறமை இல்லை, ஆனால் திறமைதான்.

2004 சுனாமியில் இந்தக் கரையே சிதைந்தது. மறுபடி நட்ட கம்புகளில் பல, மீனுக்காக அல்லாமல் கேமராவுக்காக நடப்பட்டவை. கம்பை வாடகைக்கு விடுகிற உரிமையாளர்களும் உண்டு. பொடி மீனில் வருவதைவிடப் படத்தில் வருவது மேல் என்று பெரியவர் வெட்கமில்லாமல் சொன்னார். ஏன் வெட்கப்பட வேண்டும்?

கொக்கல தனி அதிசயமும் இல்லை. சீனாவின் லி ஆற்றங்கரையில், இருபது யுவான் நோட்டில் அச்சான சிங்பிங் மலைகளுக்கு முன்னால், மூங்கில் தெப்பத்தில் விளக்கும் நீர்க்காகமுமாக நிற்கும் தாடிக் கிழவர்கள் பலரும் விடியற்காலையில் படக்காரர்களுக்காகவே வருகிறவர்கள். மியான்மரின் இன்லே ஏரியில் ஒற்றைக் காலால் துடுப்பு வலித்து, கூம்புக் கூடையைத் தூக்கிக் காட்டுகிறவர்களும் அப்படித்தான். போட்டிகளில் பரிசு வாங்கும் 'மறையும் வாழ்வு' படங்களில் எத்தனை இந்த மூன்று நீர்நிலைகளிலிருந்து வந்தவையோ.

எனக்கு இதில் உறுத்துவது நடிப்பு இல்லை, மறைப்பு. சினிமாவில் நடிகருக்குப் பெயர் உண்டு, சம்பளத்துக்கு ஒப்பந்தம் உண்டு. இங்கே நடித்தவர் 'பாரம்பரிய மீனவர்' என்று பெயரில்லாமல் அச்சாகிறார். எடுத்தவர் பெயர் மட்டும் ஓரத்தில் இருக்கும். கூலி கேட்டால் 'ஏமாற்றுக்காரர்கள்' என்று பயணக் குறிப்பில் ஒரு வசையும் சேரும். ஒரு மணி நேரம் உப்புத் தண்ணீருக்கு மேல் கட்டையில் உட்கார்ந்தவர் எப்படி ஏமாற்றுக்காரர் ஆவார்?

கொக்கலவுக்குப் போனால், கம்புக்காரர் ஏறும் முன்பே தொகையைப் பேசுங்கள். கம்பில் இருப்பவரின் பெயரைக் கேளுங்கள், அவர் சம்மதித்தால் படத்தின் கீழே போடுங்கள். கூடவே 'படத்துக்காக உட்கார்ந்தவர்' என்று இரண்டு சொல் சேருங்கள். முள் மாட்டி உண்மையாகவே மீன்பிடிக்கிறவர் எங்கேயாவது இருந்தால் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அது அவருக்கு வேலை நேரம்.