சர்வர் ரூமும் கறுத்துப்போன குங்குமச்சிமிழும்

எங்கள் ஆபீஸ் சர்வர் ரூமுக்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வெப்பமானியைத்தான். 22 டிகிரி காட்டினால் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அறை ஜில்லென்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காற்று சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் இருப்பது நொய்டாவில். ஆபீஸுக்குப் பின்னால் ஒரு பெரிய சாக்கடைக் கால்வாய். அந்த நாற்றத்துக்கு மூக்கு பழகிவிடும், வெள்ளிக்குப் பழகாது. ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளிக் குங்குமச்சிமிழை வீட்டம்மா துலக்கி வைத்தால், மாசம் திரும்புவதற்குள் கறுத்துவிடுகிறது. ஏ.சி. காயில் ஓட்டையாகி கேஸ் போய்விட்டது என்று புலம்பாத வீடு எங்கள் தெருவில் குறைவு. எல்லாம் கால்வாயிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் கைங்கரியம்.

அதே காற்றுதான் சர்வர் ரூமுக்குள்ளும் போகிறது. பதினான்கு மாதத்தில் மூன்று நெட்வொர்க் போர்டு காலி. மூன்றாவது போனது பென்ஷன் நாளில். நாலு கிளைகளில் லிங்க் இல்லாமல், பெரியவர்கள் மதியம் வரை பாஸ்புக்கும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பழுது பார்க்க வந்த பையன் போர்டைக் காட்டினான். செம்புக் கோடுகளுக்கு நடுவே கறுப்பாக ஏதோ படர்ந்திருந்தது. செம்பு சல்ஃபைடாம். ஒரு கோட்டிலிருந்து ஊர்ந்து அடுத்த கோட்டைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2006-இல் ஐரோப்பா எலக்ட்ரானிக்ஸில் ஈயத்துக்குத் தடை போட்டது. ஈயப்பூச்சு போய், பல போர்டுகளுக்கு வெள்ளிப்பூச்சு வந்தது. உடம்புக்கு நல்லதுதான், கந்தகக் காற்று இருக்கிற ஊரில் போர்டுக்குத்தான் ஆகவில்லை.

சாதாரண ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும். அதுவும் வேண்டும்தான், உள்ளே சுற்றும் காற்றுக்கு மெர்வ் 8, வெளியிலிருந்து வரும் காற்றுக்கு மெர்வ் 11 அல்லது 13 என்கிறது ஆஷ்ரே அமைப்பு. ஆனால் வாயு அதில் ஜாலியாக நுழைந்துவிடும் :-) அதைப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பனோ, பெர்மாங்கனேட் ஏற்றிய குண்டுமணிகளோ வேண்டும். குண்டுமணி ஊதாவாக இருக்கும்வரை வேலை செய்கிறது, பழுப்பானால் மாற்ற வேண்டும்.

காற்றைச் சோதிக்கும் வழி எனக்குப் பிடித்திருந்தது. செம்பு, வெள்ளித் துண்டுகளை ஒரு மாதம் அறையில் தொங்கவிட்டு, மேலே படிந்த அரிப்பை அளக்கிறார்கள். செம்பில் 300 ஆங்ஸ்ட்ராமுக்கும் வெள்ளியில் 200-க்கும் கீழே இருந்தால் பாஸ். ஆங்ஸ்ட்ராம் என்றால் ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு! எங்கள் அறை வெள்ளியில் பெயில்.

சரி, ஏன் யாரும் ஃபில்டர் வாங்குவதில்லை? காமர்ஸ் படித்தவனுக்குப் புரியும். புது சர்வர் வாங்கினால் மூலதனச் செலவு, பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாக நிற்கும். ஃபில்டர் வெறும் பராமரிப்புச் செலவு. லாபத்திலிருந்து நேரே கழியும், பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவதும் அதற்குத்தான். ஃபில்டரால் போகாமல் இருந்த போர்டுக்கு எந்தக் கணக்கிலும் வரவு கிடையாது. நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் இப்போது பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன. அவர்களுக்கும் வருவது இதே ஊர்க் காற்றுதான்.

நான் அனுப்பிய நோட், "ஏ.சி. ஏற்கெனவே உள்ளதே, ஃபில்டர் எதற்கு?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. பதிலோடு அந்தக் கறுத்த வெள்ளித் துண்டையும் கவரில் வைத்து மறுபடி அனுப்பியிருக்கிறேன்.