மாற்றுச் சக்கரம்

புது ரப்பரின் வாசனை மூக்கோடு நிற்பதில்லை, தொண்டைக்குள் இறங்கி அங்கே கொஞ்ச நேரம் தங்குகிறது. ரிமோட் வண்டிகளுக்கு வாங்குகிற டயர்களின் ரப்பர் ரொம்பவும் மென்மையானது என்பதாலோ என்னவோ, உறையைக் கிழித்ததும் கூடம் முழுக்கப் பரவி, வாங்கியவனை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பவனைப் பிடித்துக்கொள்கிறது. என் அக்கா மகன் வைத்திருப்பது ஸ்லாஷ், டிராக்சஸ் 2008இல் கொண்டுவந்த, நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள லாரி. அதோடு வந்த டயர்கள் கெட்டித் தரைக்குச் சரி, எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழை பெய்த மறுநாள் ஓட்டினால் டயரில் புடைத்து நிற்கும் பட்டன்களுக்கு நடுவே மண் அப்பி, நாலு சக்கரமும் வழுவழுவென்று உருண்டையாகி, நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் பெரிய பட்டனும் அகன்ற இடைவெளியும் உள்ள வேறு டயர்களையும் அவற்றுக்குத் தோதான ரிம்களையும் தபாலில் வரவழைத்திருந்தான்.

இந்தச் சின்ன டயர்களுக்குள் அடைத்த காற்று கிடையாது, வளையமாக ஒரு நுரைப்பஞ்சுதான், வண்டியின் எடையைத் தாங்குவது அதுவே. அமுங்கும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியேற ரிம்மில் சிறு துளை விட்டிருக்கிறார்கள். டயரின் விளிம்பை ரிம்மின் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார வைத்து, நம் வீடுகளில் ஃபெவிகுயிக் என்று சொல்கிறோமே அந்த இனத்துப் பசையைச் சொட்டுச் சொட்டாக ஓடவிட்டு ஒட்ட வேண்டும். அதற்கு முன்னால் விளிம்பை ஸ்பிரிட்டால் துடைத்தாக வேண்டும், டயரை வார்த்த அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய வழவழப்பு மிச்சமிருந்தால் பசை பிடிக்காது. மருமகன் பழைய பனியன் துணியால் அந்த விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பார்க்க, எனக்குப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவரின் கட்டைவிரல் கண்முன் வந்தது.

அவர் உப்புத்தாளால் டியூபைத் தேய்ப்பார், தேய்த்த இடத்தை ஊதுவார், மறுபடி தேய்ப்பார், அவசரம் என்கிற ஒன்று ஊரில் இன்னும் வந்து சேராத காலம் அது. தகரத்து ஆணி ஓட்டைகள் வழியே மூன்று மணி வெயில் குச்சிகுச்சியாக இறங்கி, அழுக்குத் தண்ணீர் நிறைந்த அலுமினியச் சட்டியில் விழுந்து, கூரையின் உள்பக்கத்தில் நெளியும். பஞ்சர் எங்கே என்று கண்டுபிடிக்க எல்லாரும் டியூபைத் தண்ணீரில் அமுக்குவார்கள், அவர் முதலில் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாகச் சுற்றுவார், காற்று தாடி மயிரில் பட்டதும் நிறுத்திவிடுவார், தண்ணீர்ச் சட்டி வாடிக்கையாளரின் திருப்திக்காகத்தான். சொல்யூஷனைத் தடவியதும் ஒட்டமாட்டார், "காயட்டும்லே" என்று சொல்லிவிட்டு மடியிலிருந்து பொடிமட்டையை எடுப்பார், ஒரு சிட்டிகை மூக்குப்பொடியின் நேரம்தான் அவருக்குச் சொல்யூஷன் காய்கிற நேரம். இப்போது பசை காய்கிற நேரத்தில் மருமகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரப்பரை ரிம்மோடு பசையால் பிடிக்க வைக்கிறோம், இரும்பை மரத்தோடு பிடிக்க வைத்தவர்கள் எந்தப் பசையையும் நம்பவில்லை. எங்கள் கிராமத்தில் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற நாள் என்றால் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் இருக்கமாட்டோம். முந்தின நாள் சாயங்காலமே ஆசாரி கருவேல மரத்து வட்டையைச் சுற்றிக் கயிறு பிடித்து அளந்து, ஒவ்வொரு ஆரக்காலையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றுக் குறைவாகவே வளைத்து வைத்திருப்பார். விடிகிற நேரத்தில் வறட்டியை வட்டமாக அடுக்கி, நடுவில் பட்டையைப் புதைத்துத் தீ மூட்டுவார்கள், பதினைந்தடிச் சுற்றளவுள்ள இரும்பு நன்றாகக் காய்ந்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் நீண்டுவிடும், அந்த ஓர் அங்குலத்தில்தான் மொத்த வித்தையும். குறடுகளால் தூக்கிவந்து கிடத்தியிருக்கும் சக்கரத்தின்மேல் இறக்கி, நாலு பக்கமும் சுத்தியலால் தட்டி உட்கார்த்தி, குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது வட்டைகளும் ஆரக்கால்களும் நறநறவென்று ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சக்கரத்தின் நடுக் குடத்துக்குள் இறுகுகிற சத்தமும், கருகிய கருவேலமும் நனைந்த சாணிச் சாம்பலும் கலந்த அந்த வாடையும், அதற்குப் பிறகு வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

தாத்தா இதையெல்லாம் தூரத்திலிருந்துதான் பார்ப்பார். அவருக்கு வண்டியில் சக்கரத்தைவிட மாட்டின் கழுத்துதான் முக்கியம், சந்தைக்குப் போய்த் திரும்பினால் தன் காலைக் கழுவுவதற்கு முன்னால் நுகத்தடி அழுத்திய இடத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், சூடு தெரிந்தால் விளக்கெண்ணெய், தடித்திருந்தால் மறுநாள் வண்டி கிடையாது. எழுபதுகளின் கடைசியில் எதிர்வீட்டுக்காரர் மரச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு இரும்பு அச்சில் பழைய டயர்களை மாட்டிக்கொண்டு வந்தபோது தெருவே திரண்டு பார்த்தது, ஒரு பையன் தள்ளினாலே நகர்ந்தது, கடகட சத்தமில்லை, ரோட்டில் வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு லேசாகப் போகிறதே என்று அந்த வாரமே பருத்திப் பொதியை நாலு கூடுதலாக ஏற்றினார்கள். ஏற்றத்தில் பாரம் மாட்டை இழுத்தது, இறக்கத்தில் அதே பாரம் பின்னாலிருந்து தள்ளியது, பிடித்து நிறுத்த மரச் சக்கரத்தின் இறுக்கமும் இல்லை. "சக்கரம் லேசாயிட்டு, பாரம் லேசாகலையே எய்யா" என்றார் தாத்தா, எதிர்வீட்டுக்காரர் காதில் விழாதபடிக்கு.

அப்பா ரப்பரைப் பற்றி ஏதாவது பேச்சு வந்தால் எம்.ஆர்.எப். கதையைச் சொல்லுவார். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டு ஆரம்பித்தது பொம்மை பலூன் செய்கிற தொழில், 1952இல்தான் தேய்ந்த டயர்களுக்கு மறுபடி போடுகிற டிரெட் ரப்பருக்கு வந்தார், டயர் அதற்கும் பிறகுதான். பசை காய்ந்ததும் மருமகன் வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்து முழு வேகம் கொடுத்தான், டயர்கள் அகலம் குறைந்து உயரம் கூடி விளிம்பு மெலிந்து உப்பின, அவர்கள் பாஷையில் பலூனாவது. அப்பா இருந்திருந்தால் கதையை இன்னொரு முறை ஆரம்பித்திருப்பார்.

வேலை முடிந்தபாடில்லை, இந்த ஸ்லாஷில் முன்பக்க ரிம்மின் ஆஃப்செட் ஒன்று, பின்பக்கத்துக்கு வேறு, மாற்றி மாட்டினால் சக்கரம் உள்வாங்கியோ வெளியே துருத்தியோ நிற்கும். ரிம்மை அச்சோடு பிணைக்கிற 12 மில்லிமீட்டர் அறுகோணம் பொருந்திவிட்டது என்பதால் எல்லாம் பொருந்திவிட்டதாக ஆகாது. ஊருக்கு வெளியே கொண்டுபோய் ஓட்டினோம், பருத்தி விளைந்த கரிசலில் இப்போது மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள், அவற்றுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டினான், புது பட்டன்கள் மண்ணை உதறிக்கொண்டே போயின, வேடிக்கை பார்க்க ஒரு பையன்கூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டி தளர்ந்தது. மோட்டாரின்மேல் புறங்கையைக் கொண்டுபோனேன், வைக்க முடியவில்லை. "டயர்தானே மாமா மாத்துனேன், மோட்டாரை ஒண்ணும் பண்ணலையே" என்றான்.

கணக்கு எளிது. 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரை எடுத்துவிட்டு 125 போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி ஏறத்தாழ 4.7 சென்டிமீட்டர் கூடுதலாகப் போகிறது, அந்தக் கூடுதலை இழுத்துக் கொடுப்பது அதே பழைய மோட்டார்தான். பெரிய டயர் மாட்டுகிறவர்கள் மோட்டார் முனையிலுள்ள சின்னப் பல்சக்கரத்தை, அதாவது பினியனை, ஓரிரண்டு பல் குறைந்ததாக மாற்றிக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், அப்போதும் கை வைக்க முடியவில்லை என்றால் அந்த வண்டிக்கு அந்த டயர் பெரிது.