ஒரே குரல் என்ற ஆசை

சேர்ந்து பாடுவது என்றால் எல்லோரும் ஒரே குரலில் பாடுவது என்றே நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். பஜனை மடத்தில் பாகவதர் ஓரடி பாடுகிறார். கோஷ்டி அதைத் திருப்பிப் பாடுகிறது. பள்ளிப் பிரார்த்தனையில் ஹார்மோனியம் ஒரு சுருதியைக் கொடுக்கிறது. ஐந்நூறு பிள்ளைகள் அதில் போய் விழுகிறார்கள். இதில் அழகில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரே குரல் யாருடைய குரல் என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு இந்தக் கேள்வி சித்தாந்தத்தின் வழியாக வரவில்லை. சுருதியின் வழியாக வந்தது. பெரம்பூரில், பன்னிரண்டிலிருந்து இருபது வயதுக்குள் முப்பது பேர், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடிப் பாடுகிறார்கள். சில வருஷங்களாக அவர்களோடு இருந்து வருகிறேன். ரயில்பெட்டித் தொழிற்சாலையும் பட்டறைகளும் பல திசை ஜனங்களைக் கொண்டுவந்து சேர்த்த இடம் அது. வீட்டில் தமிழ், தெலுங்கு, மலையாளம், உருது, ஆங்கிலம் பேசுகிறவர்கள் எல்லோரும் குழுவில் உண்டு. ஆனால் முதலில் அவர்களைப் பிரித்தது பாஷை அல்ல. கட்டை.

கர்நாடக சங்கீதம் கற்ற பெண் சாதாரணமாக ஐந்து கட்டையில் பாடுவாள். ஆணுக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண்ணின் சுருதியில் பாட்டை வைத்தால் பையன்கள் கத்த வேண்டும். ஆணின் சுருதியில் வைத்தால் பெண்களின் குரல் அடித்தொண்டைக்குள் போய் அமுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் மகரக்கட்டு உடைகிற பையன் நிற்கிறான். போன மாதம்வரை பெண்களோடு பாடிக்கொண்டிருந்தவன்; இன்று ஐந்தாறு ஸ்வரங்களுக்கு மேல் அவனுக்கே நிச்சயமில்லை. 'கொஞ்ச நாள் பாடாதே' என்பதுதான் வழக்கமாக அவனுக்குக் கிடைக்கும் புத்திமதி. அப்படிப் போனவர்களில் பலர் திரும்புவதில்லை.

ஒரு கட்டை ஷட்ஜத்துக்கும் ஐந்து கட்டை ஷட்ஜத்துக்கும் உள்ள தூரம் என்ன? ஸ-ப தூரம். தம்பூராவில் தினமும் நாம் கேட்டுச் சொக்குகிற இணக்கம் அது. ஆக, குரல்களுக்கிடையே உள்ள வித்தியாசமே இசையாகக் கூடியதுதான். ஆனால் தானாக ஆகாது. யாராவது உட்கார்ந்து, இந்தக் குரலுக்கு இந்த வரி, அந்தக் குரலுக்கு அந்த வரி என்று எழுத வேண்டும். மாதா கோவில் பாடகர் குழுக்களுக்கு இது புதிதல்ல; நான்கு குரல்களுக்கு நான்கு வரிகள் அங்கே வெகுகாலப் பழக்கம்.

கோவில்களுக்கு வெளியே, நம் பாஷைகளுக்கும் நம் மெட்டுகளுக்கும் இதைச் செய்து பார்த்தவர் எம். பி. ஸ்ரீனிவாசன் (1925-1988). 'பாதை தெரியுது பார்' (1960) படத்தின் இசையமைப்பாளராகவே பலருக்கும் அவரைத் தெரியும். மலையாளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' அவருடைய இசைதான். இடதுசாரி இயக்கத்திலிருந்து வந்தவர். சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் அமைத்தவர். 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரை ஆரம்பித்து, பாரதியையும் வேறு பல இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல்களுக்காக அமைத்தார். அவருடைய தொழிற்சங்கமும் சேர்ந்திசையும் வேறு வேறு காரியங்கள் அல்ல என்று எனக்குப் படுகிறது. பின்வரிசை வயலின்காரனுக்கும் ஒரு கூலி உண்டு என்று சொன்னவர், பின்வரிசைக் குரலுக்கும் ஒரு வரி உண்டு என்றார்.

ஆட்சேபணை உண்டு. சபா ஒன்றின் காரியதரிசி என்னிடமே கேட்டார்: 'கமகம் இல்லாமல் என்ன ராகம்?' நியாயமான கேள்வி. முப்பது தொண்டைகள் ஒரு காந்தாரத்தை ஒரே மாதிரி அசைக்க முடியாது. அசைத்தால் களிம்பு பூசினாற்போல் ஆகிவிடும். இரண்டாவது வரி சேர்ந்ததும் தோடி தோடியாக இருக்காது. இது நஷ்டம்தான், நஷ்டமில்லை என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கமகம் வீட்டிலிருந்து வருகிறது. ஐந்து வயதில் பாட்டு வாத்தியார் வந்த வீட்டுப் பெண் அதைக் கொண்டுவருகிறாள், மற்றவள் கொண்டுவருவதில்லை. நேர் ஸ்வரத்தில் இருவரும் ஒரே தரையில் நிற்கிறார்கள். தோடியைத் தனிக் குரல் காப்பாற்றட்டும். சேர்ந்திசைக்கு வேறு வேலை இருக்கிறது.

'பல கலாசாரம்' என்று மேடைகளில் நடப்பது வேறு சமாசாரம். ஒரு மொழிக்கு ஒரு சரணம், அதற்கேற்ற வேஷம், கடைசியில் கொடி. எந்தக் குழந்தையும் இதில் அடுத்தவன் பாஷையில் ஒரு வார்த்தைகூடக் கற்பதில்லை. எங்கள் குழுவில் ஒரு தெலுங்குப் பாட்டை எடுத்தபோது எல்லோரும் தமிழ் எழுத்தில்தான் எழுதிக்கொண்டார்கள். நம் 'க' ஒன்று, அவர்களுக்கு நான்கு. பழைய ஸ்தோத்திரப் புத்தகங்களில் இருப்பதுபோல் எழுத்தின் மேல் எண் போடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். போட்டாலும் உச்சரிப்பு வரவில்லை. அதுவரை கடைசி வரிசையில் வாய் திறவாமலிருந்த ஒரு தெலுங்குப் பெண் எழுந்து சொல்லிக்கொடுத்தாள். அன்று மாலை அவள்தான் வாத்தியார். அடுத்த மாதம் உருதுப் பாட்டுக்கு வேறொருவன். அதிகாரம் இப்படி இடம் மாறுவதைத்தான் நான் கலாசாரம் என்பேன், வேஷத்தை அல்ல.

இதற்கு விலை உண்டு. ஒரு பள்ளிக்கூட விழாவில் பாடக் கூப்பிட்டார்கள். மேடை சிறியது, நன்றாகப் பாடுகிற எட்டுப் பேர் போதும் என்றார்கள். அந்த எட்டுப் பேர் யார் என்று எங்களுக்குத் தெரியும். எந்தெந்த வீட்டிலிருந்து வருகிறவர்கள் என்பதும் தெரியும். பிள்ளைகள் இரண்டு மணி நேரம் சண்டை போட்டு, போவதில்லை என்று முடிவு செய்தார்கள். எட்டில் இரண்டு பேரைப் பெற்றோர் அதற்கப்புறம் அனுப்பவில்லை. அவர்களில் ஒருத்தி குழுவிலேயே சிறந்த குரல். மேல் வரி இன்றும் அவளில்லாமல் மெலிந்துதான் கேட்கிறது. அந்த மெலிவைச் சமத்துவம் என்று சொல்லி ஆறுதலடைய நான் தயாரில்லை. அது ஒரு குறை, அதோடு பாடுகிறோம்.

எல்லோருக்கும் இடம் உண்டு என்று அறிவிப்பது சுலபம். கதவைத் திறந்து வைத்தால் யாரும் உள்ளே வரலாம். வந்தவன் அங்கே என்ன செய்வான் என்பதுதான் பிரச்னை. உள்ளே வந்தபின் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறவனை அந்தக் கதவு ஏமாற்றியிருக்கிறது. மகரக்கட்டு உடைந்த பதிமூன்று வயதுக்காரனுக்கு ஐந்து ஸ்வரங்கள் மிச்சமிருக்கின்றன. அந்த ஐந்துக்குள் ஒரு வரி எழுத முடியும். அவன் நிறுத்தினால் பாட்டில் ஓட்டை விழும்படி அதை எழுதவும் முடியும்.