உப்புக்கு வாசனை இல்லை

எனக்கு வயது 58. திருநெல்வேலிப் பக்கம் கல்யாண வீடுகளில் சமைத்தவன். எங்கள் பக்கத்தில் தவசிப்பிள்ளை என்பார்கள். 31 வருடம் கரண்டி பிடித்தேன். அதில் முக்கால்வாசி ஒரு பொய்யை வைத்துப் பிழைத்தேன். அந்தப் பொய்யைத்தான் முதலில் சொல்லவேண்டும். நோய் பிறகு வந்தது.

நான் வாயில் வைத்துப் பார்க்காமலே உப்புச் சொல்வேன் என்று எனக்குப் பெயர்.

கல்யாணச் சமையலில் ருசி பார்க்கிற வழக்கம் பழைய ஆட்களிடம் கிடையாது. முதல் இலை சாமிக்குப் போகும். அதற்கு முன்னால் ஒருத்தன் நாக்கில் பட்டால் எச்சில். அதனால் கையளவிலும் கண்ணிலும் மூக்கிலும் சமைத்தார்கள். பருப்பு வெந்ததை மூக்கு சொல்லும். புளியின் பச்சை வாடை போனதைச் சொல்லும். கொத்தமல்லி கருகப்போவதைக் கருகுமுன்னே சொல்லும். இதெல்லாம் நிஜம். எனக்கும் தெரியும்.

உப்பு அப்படி இல்லை. உப்புப் போட்டால் கொதியின் மணம் மாறும் என்பார்கள். போட்டாச்சா இல்லையா என்று வேண்டுமானால் ஒரு நல்ல மூக்கு சொல்லலாம். எவ்வளவு என்று எந்த மூக்கும் சொல்லாது. நான் சொன்னேன். அண்டாவுக்கு முன்னால் நிற்பேன். கண்ணை மூடுவேன். ஆவியைக் கையால் மூக்குப் பக்கம் தள்ளுவேன். "இன்னும் அரைக் கை போடு" என்பேன். சின்னப் பிள்ளைகள்கூட வேடிக்கை பார்க்க வரும். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அரிசி மூடைக்குப் பின்னால் போய், சின்னக் கரண்டியில் கொண்டுபோனதை நக்கிப் பார்த்திருப்பேன். கரண்டியைக் கழுவிவிட்டுத்தான் வருவேன். அந்தமட்டும் சாமி பயம் இருந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு ஆக்குப்புரையில் கண் சொக்கும். வெற்றிலை, பாக்கு, ஒரு துண்டுப் புகையிலை. இடது கடைவாயில் அதக்கிக்கொண்டால் விடியும்வரை தூக்கம் எட்டிப் பார்க்காது. என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். ஆனால் அவர்கள் என்னைப் பார்த்துப் பழகினார்கள், நான் அவர்களைப் பார்த்து அல்ல.

நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. கூர்ப்பல் உரசுகிறது என்று வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுத்தாள். ஆறு மாதம் சாப்பிட்டேன். ஒரு பக்கம் மட்டும் மெல்லுகிறேன் என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். மூன்று வாரம் ஆறாத வாய்ப்புண்ணை டாக்டரிடம் காட்டவேண்டும் என்று ஆஸ்பத்திரிச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. நான் அதைப் படித்தது ஆறாவது மாதத்தில். புற்று என்ற சொல் மனசில் வராமல் இல்லை. வந்தது. அதோடு, புகையிலையை விடச் சொல்வார்களே என்பதும் வந்தது. இரண்டாவதுதான் என்னை வீட்டில் உட்காரவைத்தது. சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

வெட்டி எடுத்தார்கள். நாக்கின் இடது பக்கத்தில் ஒரு துண்டு, கழுத்தில் நெறி கட்டியிருந்த முடிச்சுகள். அப்புறம் கதிர்வீச்சு. 30 நாள். திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். அதற்கு முன்னால் சொத்தையான கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கினார்கள். முகத்துக்கு அச்சு எடுத்து வலைபோல ஒரு முகமூடி செய்து, மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். அசையக்கூடாது. அசையாமல் படுத்திருக்கும்போது சமையலை நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் கஞ்சியில் உப்பில்லை என்று வீட்டுக்காரியைத் திட்டினேன். அவள் இரண்டாம் தடவை போட்டாள். மூன்றாம் தடவை போட்டாள். பிறகு தான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். வெளியே வர வெகுநேரம் ஆனது.

டாக்டர் சின்னப் பிள்ளை. என் மகள் வயது இருக்கும். அவரிடம் கேட்டேன். நாக்கு நுனியில் இனிப்பு, ஓரத்தில் உப்பு என்று மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன், வெட்டின இடம்தான் உப்புக்கு உள்ள இடமா என்று. அந்தப் படமே தப்பு என்றார். நாக்கு முழுக்க எல்லாச் சுவையும் தெரியும். சுவைமொட்டின் செல்கள் பத்து நாளைக்கு ஒரு தரம் போலப் புதுசாகிக்கொண்டே இருப்பவை. கதிர்வீச்சு அதைத் தடுத்துவிடுகிறது. மாதக்கணக்கில் காத்திருந்தால் திரும்பலாம், ஒரு வருடமும் ஆகலாம், முழுசாக வரும் என்று சொல்லமுடியாது என்றார்.

அப்போதுதான் ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் கிராண்ட் அக்காட்ஸ் என்று ஒரு சமையல்காரர். அலினியா என்ற பெரிய உணவகம் அவருடையது. 2007-இல், 33 வயதில், நாக்கில் புற்று. நாலாம் நிலை. நாக்கை எடுக்கவேண்டும் என்றுதான் முதலில் சொன்னார்களாம். சிகாகோ பல்கலைக்கழக டாக்டர்கள் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து நாக்கைக் காப்பாற்றினார்கள். சுவை போய்விட்டது. ஆனால் தனக்கு இந்த நோய் என்று அவர் ஊரறியச் சொன்னார். கூட வேலை பார்த்தவர்களின் நாக்கை நம்பிச் சமையலை நடத்தினார். சுவை மெல்ல மெல்லத் திரும்பியது, இனிப்பு முதலில். 2008-இல் அந்த நாட்டின் தலைசிறந்த சமையல்காரர் என்று ஜேம்ஸ் பியர்டு விருதும் கொடுத்தார்கள்.

எனக்குத் தெம்பு வரட்டும் என்று சொன்ன கதை. நான் அதில் விருதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கூட இருந்தவர்களின் நாக்கை நம்பினார் என்ற இடம் என் காதில் ஏறவில்லை.

ஒரு பையன் என்னிடம் கையாளாக இருந்தான். பேரை எழுதமாட்டேன். அவனைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை. 14 வயதில் தேங்காய் துருவ வந்தவன். 30 நாளும் என்னைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் அவன்தான். பள்ளம் வந்தால் மெதுவாகப் போவான். கழுத்துத் தையலில் காற்றுப் படாமல் துண்டைச் சுற்றிவிடுவான். எனக்கு உப்புத் தெரியவில்லை என்பது உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். என் வீட்டுக்காரி, அந்த டாக்டர், அவன்.

கதிர்வீச்சு பங்குனியில் முடிந்தது. ஆவணியில் ஒரு கல்யாணத்தை ஏற்றுக்கொண்டேன். கடன் இருந்தது என்று சொல்லலாம். இருந்தது. ஆனால் கடனுக்காக ஏற்கவில்லை. "அவருக்கு முடியாமப் போச்சுல்லா" என்று மளிகைக் கடையில் ஒருத்தர் சொன்னது காதில் விழுந்தது. அதற்காக ஏற்றேன்.

பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் கல்யாணத்துக்கும் சமைத்தது நான்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுக்கும்போது, "உடம்புக்குப் பரவாயில்லையா அண்ணாச்சி?" என்று கேட்டார். வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "ஆண்டவன் புண்ணியத்துல நல்லாருக்கேன்" என்றேன்.

கல்யாணச் சாப்பாடு தப்பித்தது. பையன் பக்கத்திலேயே நின்றான். நான் கேட்காமலே, "சாம்பார் சரியா இருக்கு அண்ணாச்சி" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான். அதை நான் உதவியாக எடுத்துக்கொள்ளவில்லை. எரிச்சலாக இருந்தது.

பிறகு மறுவீட்டுச் சொதி. வெளியூர்க்காரர்களுக்கு: பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து அது. எங்கள் பக்கத்தில் முகூர்த்தச் சாப்பாட்டை மன்னித்துவிடுவார்கள், சொதியை மன்னிக்கமாட்டார்கள். தேங்காயை மூன்று பால் எடுக்கவேண்டும். மூன்றாம் பாலில் காய் வேகும். இரண்டாம் பாலில் வெந்த பாசிப்பருப்பும் இஞ்சி, பச்சை மிளகாய் அரைத்ததும் சேரும். முதல் பாலை அடுப்பைத் தணித்து ஊற்றவேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். ஆறினபிறகு எலுமிச்சை. அதில் மிளகாய்ப்பொடி இல்லை, புளி இல்லை. தப்பு ஒளிந்துகொள்ள இடமே இல்லாத குழம்பு.

300 பேர். 60 தேங்காய். காய் வெந்துகொண்டிருந்தது. கல்லுப்பை அள்ளிப் போட்டேன். அதற்குள் சிலிண்டர் மாற்றவேண்டும் என்று கூப்பிட்டார்கள். போய்த் திரும்பினேன். உப்புப் போட்டேனா என்று சந்தேகம் வந்தது.

31 வருடத்தில் அந்தச் சந்தேகத்துக்கு நான் பயந்தது கிடையாது. வந்தால் அரிசி மூடைக்குப் பின்னால் போவேன். அன்றும் போனேன். நாக்கில் வைத்தேன். வெந்நீர். ஈரத்துணியைச் சப்பினது போல ஒன்றுமில்லை. திரும்ப வைத்தேன். ஒன்றுமில்லை. எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் வெளியே வந்து, எல்லாரும் பார்க்க, கண்ணை மூடி ஆவியை இழுத்தேன். "உப்புப் பத்தாது" என்றேன். இரண்டு கை போட்டேன்.

பையன் சுருக்கென்று கிட்டே வந்தான். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

"அண்ணாச்சி, கரிக்கி. நீங்க முதல்லயே போட்டுட்டீய. இன்னும் முதப்பால் ஊத்தல. சாக்குல 15 தேங்கா கிடக்கு. உடைச்சுப் பால் எடுத்து, கொஞ்சம் பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவச்சுச் சேத்தா நேராயிரும்."

சரியான வழி. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். முக்கால் மணி நேரம் கையில் இருந்தது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"ஏல, மூக்கால உப்புச் சொல்லுதவன்ட்ட நீ நாக்கைக் காட்டுதியோ?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. நானே முதல் பாலை எடுத்து ஊற்றினேன்.

முதல் பந்தியில் தண்ணீர் கேட்டார்கள். எல்லா வரிசையிலும் ஒரே சமயத்தில் கேட்டார்கள். அந்தச் சத்தம் ஆக்குப்புரைக்குக் கேட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார் என்று பரிமாறுகிறவன் ஓடிவந்து சொன்னான். பின்னாலேயே வாத்தியார் வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையைக் கூப்பிக்கொண்டு வந்தார். "என்ன அண்ணாச்சி ஆச்சு?" என்றார்.

நான் பையனைக் காட்டினேன்.

"நான் போட்டது தெரியாம இவன் ரெண்டாவது போட்டுட்டான்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசித்தேன். அவர் வாசல்படியில் கால் வைப்பதற்கும் கேட்பதற்கும் நடுவே யோசித்தேன்.

பையன் என்னைப் பார்த்தான். அவனிடம் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. "இவருக்கு உப்பே தெரியாது" என்று சொன்னால் போதும். 30 நாள் பைக் ஓட்டினவன் சொன்னால் யாரும் நம்புவார்கள். அவன் சொல்லவில்லை. இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறினான். மடித்து உரலின் மேல் வைத்தான். பெண்ணின் தம்பி அவன் முதுகில் கைவைத்து வெளியே தள்ளினான். அன்றைய சம்பளம் 900 ரூபாய். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் தப்பு அவனுடையது இல்லை என்று ஆகிவிடும் அல்லவா?

அந்த வருடம் எந்தத் தவசிப்பிள்ளையும் அவனைச் சேர்க்கவில்லை. இரண்டு பேர் என்னிடம் ஆள் எப்படி என்று கேட்டார்கள். "கவனம் பத்தாது" என்றேன். அது இரண்டாவது குற்றம். முதலாவதைப் பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். இதை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு செய்தேன்.

ஐந்து மாதம் கழித்து வாத்தியார் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பணத்தையும் மீதிப் பணத்தையும் திண்ணையில் வைத்தேன். அவர் பணத்தைத் தொடவில்லை. தன் மகளை மாமியார் வீட்டில் இன்னும், "உங்க வீட்டுச் சொதி மாதிரி ஆக்கிராத" என்று சொல்கிறார்களாம். அதைச் சொல்லிவிட்டு, "அந்தப் பையன்ட்ட போனீங்களா?" என்றார். இல்லை என்றேன். உள்ளே எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் போனேன். அவன் இப்போது லாரி செட்டில் பார்சல் ஏற்றுகிறான். தோள்பட்டையில் சாக்குத் தழும்பு. மன்னிப்புக் கேட்டேன். 900 ரூபாயைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டான். திரும்ப வேலைக்கு வரியா என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணாச்சி, இங்க ராத்திரி தூங்கலாம்" என்றான். எதிர்க்கடையில் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தான். சூடு ஆகாது என்று அவனே இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றித் தந்தான். டீயில் இனிப்பு தெரிந்தது. இனிப்பு எனக்கும் வந்துவிட்டது.

கிளம்பும்போது கேட்டான். "இப்ப உப்புத் தெரியுதா அண்ணாச்சி?"

"தெரியுது" என்றேன்.

தெரியவில்லை. அவனிடமும் பொய்தான் சொல்லிவிட்டு வந்தேன்.