தடித்த எழுத்தின் குணம்

தடித்த எழுத்தென்றதும் கூச்சல் என்றே பலர் கருதுவர். கிளறென்டன் என்னும் ஆங்கில அச்செழுத்தின் வரலாறு அவ்வாறு கூறவில்லை.

அதற்கு முன்னரும் தடித்த எழுத்துக்கள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரொட்டிகளுக்காக வார்க்கப்பட்டவை அவை. ஒரு கோடு பானை வயிறு போலப் பருத்திருக்கும். மற்றையது மயிரிழை போல மெலிந்திருக்கும். தெருவில் கூவ வல்லவை. நூலின் பக்கத்தில் அமைதியாக இருக்கமாட்டா.

1845இல் இலண்டன் ஃபான் வீதி எழுத்து வார்ப்பகம் கிளறென்டனை வெளியிட்டது. இதிலும் கோடுகள் தடித்தவையே. ஆயின் தடிப்புக்கும் மெலிவுக்கும் இடையிலான பேதம் மட்டுப்பட்டது. கோடுகளின் முனையிலுள்ள கனத்த பாதங்கள் தண்டோடு வளைந்து பொருந்தின. எனவே சாதாரண எழுத்து வரியின் நடுவே ஒரு சொல்லை மாத்திரம் எடுத்துக்காட்ட இயன்றது. 1884இல் முதற்பகுதி வெளிவந்த ஒக்ஸ்போட் ஆங்கிலப் பேரகராதி தன் தலைச்சொற்களை இவ்வெழுத்திலேயே அச்சிட்டது. விரல் வைத்துச் சொல் தேடுவோர்க்கு இதனினும் பெரிய உபகாரம் வேறில்லை.

இவ்வெழுத்தை உருக்கிற் செதுக்கியவர் பெஞ்சமின் பொக்ஸ். வரலாற்றில் முன்னிற்பவரோ வார்ப்பக உரிமையாளர் றொபேட் பெஸ்லி. 1869இல் இலண்டன் மாநகர முதல்வராகவும் அமர்ந்தவர். பொக்ஸ் பின்னர் வார்ப்பகத்திற் பங்காளியானார் என்பதையும் கூறவேண்டும். ஈயத்தை உருக்கி வார்த்தோரும், நாள் முழுதும் நின்று எழுத்துக் கோத்தோரும் எதிலும் பங்காளிகள் ஆகவில்லை. 1842ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பெஸ்லி பெற்ற உரிமை மூன்றே ஆண்டுகள் நிலைத்தது. அது முடிந்ததும் ஏனைய வார்ப்பகங்கள் தாமும் கிளறென்டன் வார்க்கத் தொடங்கின.

உரிமை முடிந்த அந்த 1848இலேதான், ஏப்ரல் 10ஆம் நாள், வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தினர் இலண்டன் கெனிங்ரன் திடலில் கூடினர். மக்களை அழைத்த சுவரொட்டிகளிலும் தடித்த எழுத்துக்கள். ஊர்வலத்தைத் தடைசெய்த பொலிஸ் அறிவித்தலிலும் தடித்த எழுத்துக்கள். எழுத்து இரு சாராருக்கும் உழைத்தது. கூலிக்குக் கோத்த தொழிலாளியின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

1848 நம் நாட்டுக்கும் மறக்கவொண்ணாத ஆண்டு. மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்த வரலாறு நம் மாணவரின் பரீட்சைக் குறிப்பு நூல்களில் உண்டு. இந்நூல்களைத் தயாரிப்போர் தடித்த எழுத்தை வாரி இறைக்கின்றனர். (பக்கம் முழுவதும் தடித்திருந்தால் எதுவுமே தடிக்கவில்லை என்பதை அவர்க்கு யார் சொல்வது?) ஆண்டு தடித்திருக்கும், புரன் அப்பு என்ற பெயர் தடித்திருக்கும். மாணவர் அவ்விரண்டையும் பிழையின்றி ஒப்புவிப்பர். துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதிக்கப்பட்டதும், ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய், அன்றேல் பணம் கட்டு என்று ஏழைக் குடியானவன் பணிக்கப்பட்டதும் மெல்லிய எழுத்தில் ஒதுங்கிக் கிடக்கும். மக்கள் ஏன் எழுந்தனர் என்று வினவினால் வகுப்பு மௌனமாகிறது. ஆகவே, அந்த வரிகளைக் கரும்பலகையிற் பெரிதாக எழுதிவிட்டே நாம் பாடத்தைத் தொடங்குகின்றோம்.