இரண்டு பேர் வேண்டும்

வடமேற்கு லண்டனில் ஹாரோ பக்கத்து முதியோர் பராமரிப்பு இல்லங்களில் ஈழத்தமிழர்கள் இரண்டு விதமாக இருக்கிறார்கள். படுக்கையில் சிலர், படுக்கையின் பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் சிலர். நான் போயிருந்த இல்லத்தில் காலை ஷிப்ட் தொடங்கியதும் இரண்டு பெண்கள் ஓர் அறைக்குள் ஹாய்ஸ்டை, அதாவது ஆளைத் தூக்கும் கருவியை, உருட்டிக்கொண்டு போனார்கள். இருவருக்கும் சொந்த ஊர் யாழ்ப்பாணம்.

கட்டிலில் எண்பதைக் கடந்த அம்மா ஒருவர். பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. மறதி நோய் முற்றியதில் பாதி வாழ்நாள் பேசிய ஆங்கிலம் போய்விட்டது, பிறந்த ஊர்ப் பேச்சு மட்டும் தங்கியிருக்கிறது. அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும்.

“அம்மா, இப்ப உங்களை மற்றப் பக்கம் திருப்பப் போறம். பயப்பிடாதேங்கோ.”

திருப்பினார்கள். பாதி மடித்த துணித்தொட்டிலை முதுகோடு ஒட்டி விரித்தார்கள். ஸ்லிங் என்று அவர்கள் சொல்லும் அந்தத் துணியின் கீழ்விளிம்பு முதுகுத்தண்டின் அடிநுனிக்கு வர வேண்டும். மேலே ஏறிப்போனால் இடுப்பு வழுகும். மறுபக்கம் திருப்பி மிச்சத்தை இழுத்துவிட்டு, கால்பட்டைகளைத் தொடைக்கடியில் சுருக்கமில்லாமல் கொண்டுவந்து, ஒன்றை மற்றதற்குள் நுழைத்தார்கள். சுருக்கம் விழுந்தால் முதியவரின் மெல்லிய தோல் கிழியும்.

பிறகு ஹாய்ஸ்டின் கொக்கி. பட்டை ஒவ்வொன்றின் முனையிலும் வெவ்வேறு நீளத்தில், வெவ்வேறு நிறத்தில் வளையங்கள் இருக்கின்றன. தோள்பக்கம் குட்டை வளையத்தை மாட்டினால் உடல் நிமிர்ந்து உட்காரும், நீளமானதை மாட்டினால் சாயும். இடமும் வலமும் ஒரே நிறமாக இருந்தாக வேண்டும்.

“தங்கச்சி, உன்ர பக்கம் என்ன நிறம்?”

“தோள் பச்சை, கால் நீலம், அக்கா.”

“எனக்கும் அதுதான்.”

கண்ணால் பார்த்தபிறகும் வாயால் சொல்கிறார்கள். தினமும் செய்கிற வேலையில் கண் தன்னையறியாமல் தாண்டிப்போகும். சொல்லிக் கேட்டால் தாண்டாது. ஹாய்ஸ்டின் அடிக்கால்களை அகல விரித்தார்கள். தங்கச்சி பொத்தானை அழுத்த, பட்டைகள் விறைத்து, உடல் மெத்தையை விட்டு எழுந்ததும் நிறுத்தினாள். நான்கு முனைகளையும் அக்கா மறுபடி தொட்டுப் பார்த்தார். இந்த ஒரு நிறுத்தத்துக்காகத்தான் இதை எழுதத் தோன்றியது. கொக்கியில் பாதி ஏறிய வளையம் எடை விழும்போதுதான் தெரியும். இந்த உயரத்தில் தெரிந்தால் மெத்தையிலேயே இறக்கிவிடலாம்.

சக்கர நாற்காலிக்குப் பிரேக் போட்டிருந்தார்கள், ஹாய்ஸ்டுக்குப் போடவில்லை. தூக்கும்போது எடையின் நடுவுக்குத் தானாக நகர அதன் சக்கரங்களுக்கு இடம் கொடுக்க வேண்டும், பூட்டிவைத்தால் கவிழும் ஆபத்து உண்டு என்றார் அக்கா. அந்தரத்தில் இருந்த அம்மா இடக்கையால் காற்றைப் பிடிக்கப் பார்த்தார். அக்கா அந்தக் கையைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டார். “எங்களிட்டத்தான் இருக்கிறியள் அம்மா.” பொத்தானை அழுத்துகிறவரால் அந்தக் கையைப் பிடிக்க முடியாது. இரண்டாவது ஆள் எதற்கு என்று கேட்கிற நிர்வாகிகள் இந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும்.

கையால் தூக்கியே முதுகைத் தொலைத்த தலைமுறை ஒன்று இந்தத் தொழிலில் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் ஒரு வரம்பைக் கணக்கிட்டுச் சொன்னார்: நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் தாங்கும் எடை, மிகச் சாதகமான நிலையிலும், 35 பவுண்டைத் தாண்டக்கூடாது. ஏறத்தாழ 16 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்குகிறோமே என்று தோன்றலாம். மூட்டை பயந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளாது, நடுவில் திமிறாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் செவிலியர் சங்கம் 1998லேயே கையால் தூக்குவதைக் கைவிடும் கொள்கையைக் கொண்டுவந்தது.

அதே 1998இல் பிரிட்டனில் வந்த விதிகளின்படி, ஆளைத் தூக்கும் கருவியையும் அதன் ஸ்லிங்கையும் 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும். ஆனாலும் விபத்து நடக்கிறது. அளவு மாறிய ஸ்லிங்கிலிருந்து நழுவி முதியவர்கள் இறந்ததும், இல்லங்கள் நீதிமன்றத்தில் அபராதம் கட்டியதும் உண்டு. கழிப்பறைக்கென்று இடுப்புப்பக்கம் திறந்துவைத்துத் தைத்த ஸ்லிங் வேகமாக மாட்டக்கூடியது. ஆனால் உடலைத் தானே நிமிர்த்திப் பிடிக்க முடியாதவருக்கும், திமிறுகிறவருக்கும் அது ஆகாது. அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுப்பதுதான் பெரும்பாலான கேடுகளின் தொடக்கம் என்று எனக்குப் படுகிறது.

அந்த அவசரம் பராமரிப்பாளரின் குணமல்ல, ஆள் பற்றாக்குறை. அக்கா முன்பு வேலை பார்த்த ஓர் இல்லத்தில் இரவில் ஒரு மாடிக்கு ஒருவர்தான். மணி அடித்தால் கீழ்மாடியிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். “காத்திருந்தா ஏச்சு விழும். தனியத் தூக்கி ஆள் விழுந்தா என்ர வேலை போகும்.” அவர் காத்திருந்தார், ஏச்சும் வாங்கினார். அவர் செய்ததுதான் சரி.

பெற்றோரை எந்த ஊரில் எந்த இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தாலும், வரவேற்பறையின் அழகைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஒரு முதியவரை இடம் மாற்றும் நேரத்தில் போய் நில்லுங்கள். ஹாய்ஸ்ட் இருக்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள், உங்கள் அம்மாவின் உடலளவுக்கு ஸ்லிங் உண்டா என்று கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அவரைத் தூக்க எத்தனை பேர் இருப்பார்கள் என்பதையும் கேளுங்கள்.