தொட்டிக்கு வாய் திறக்கிறவர்

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் கச்சேரியில் வாசிக்கிற கடத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த ஊரில் கடம் செய்கிற கைகள் சொற்பம். மற்றவர்களுக்குச் சோறு போடுவது பொங்கல் பானையும் அக்னிச்சட்டியும் கார்த்திகை விளக்கும். இப்போது அவற்றோடு பூந்தொட்டியும்.

மதுரையில் மொட்டைமாடித் தோட்டம் போட்டிருக்கும் தோழி ஒருத்திக்குக் கடைத் தொட்டிகள் சலித்துவிட்டன. "எங்க போனாலும் வாளி மாதிரியே இருக்கு. செய்றவங்களையே கேட்டுடலாம்" என்று கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன். மதுரையிலிருந்து 50 கிலோமீட்டர்தான்.

நாங்கள் பார்த்த குயவரான வேளாருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். எந்தக் கண்மாய் மண், எவ்வளவு மணல், எப்படி மிதிப்பது என்று வெகுநேரம் விளக்கினார். அதைத் தாண்டிப் போகிறேன். தோழி தன் செல்போனில் சேர்த்து வைத்திருந்த அலங்காரத் தொட்டிப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டியதும்தான் பேச்சு சூடுபிடித்தது.

கண்ணும் மூக்கும் வரைந்து பளபளவென்று எனாமல் அடித்த தொட்டி முதலில் வந்தது. "பெயிண்ட அடிச்சா மண்ணு மூச்சு விடாது தாயி." சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால்தான் வேர் குளிர்ந்திருக்கிறது, மாடி வெயிலில் அது பெரிய உதவி. நிறம் வேண்டுமென்றால் சூளைக்குப் போகும் முன்பே செம்மண் கரைசலைப் பூசிச் சுட்டுக்கொள்ளலாம், உரியாது. பெயிண்ட்தான் வேண்டுமென்றால் விளிம்போடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

அடுத்தது வயிறு பருத்து வாய் குறுகிய ஜாடி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. "வேரு வயித்துக்குள்ள பரவி நின்னுக்கிரும். அப்பறம் செடிய எடுக்கணும்னா சட்டிய ஒடைக்கணும்." வேறு சிறு தொட்டியில் செடியை வளர்த்து, அதை ஜாடியின் வாயில் உட்கார வைத்தால் போதும் என்றார்.

மூன்றாவது படத்தில் உயரமான தொட்டி. சுவரைச் சுற்றிலும் பை பையாக வாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு செடி. அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். முதல்நாள் வனைந்து அரை ஈரத்தில் நின்ற தொட்டி ஒன்றை இழுத்து வைத்தார். மூங்கில் சிம்பை நனைத்து, சுவரில் நாலு விரல் அகலத்துக்குக் கிடையாக ஒரே கீறல். இடது கையை உள்ளே விட்டு மேல் ஓரத்தைத் தாங்கிக்கொண்டு, வலது கட்டைவிரலால் கீழ் ஓரத்தை மெல்ல வெளியே தள்ளினார். கீறல் பிளந்து உதடு பிதுங்கியது. ஈர விரலால் அந்த உதட்டை ஒருமுறை நீவினார், முடிந்தது. ஈரம் கூடினால் சுவர் சரிந்துவிடும், காய்ந்துவிட்டாலோ விரிசல். இரண்டுக்கும் நடுவிலிருக்கிற அந்த நேரத்தை மண்ணைத் தொட்டுத்தான் அறிகிறார்.

கீழ்ப்பைகளில் ஈரம் நிற்குமாம், அங்கே புதினா. மேல் மண் சீக்கிரம் காயும், அங்கே பத்துமணிப் பூவும் கற்பூரவல்லியும். நட்டநடுவே கழுத்து நீண்ட சிறு பானையைப் புதைத்து அதில் தண்ணீர் ஊற்றினால் எல்லாப் பைக்கும் கசியும். தோழி இதையெல்லாம் படம் பார்த்து யோசித்து வைத்திருந்தாள்; அவர் மண்ணைப் பார்த்துச் சொன்னார்.

வடிகால் துளையை அடியில் போடாமல், அடியை ஒட்டிப் பக்கச் சுவரில் போடுகிறார். தொட்டி தளத்தில் படிந்து உட்கார்ந்தால் அடித்துளை அடைபட்டுவிடும் அல்லவா? துளை போடுவது அவருக்குப் புதிதல்ல, ஐயனாருக்கு மண் புரவி செய்யும் கை அது. "குதிரைக்கும் ஓட்டை விடணும் சார். இல்லாட்டி சூளையில வெடிச்சிரும்."

நகரத்து நர்சரியில் இதே மாதிரித் தொட்டிக்கு என்ன விலை என்று தோழி சொன்னாள். அவர் சிரித்துவிட்டுத் தாம் வாங்குகிற விலையைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழைக்காலத்தில் எதுவும் காயாது, சூளையும் எரியாது. வியாபாரி முன்பணம் கொடுப்பது அப்போதுதான். வெயில் வந்ததும் அந்த வியாபாரி சொன்ன விலைக்குச் சரக்கு ஏறிவிடும். வியாபாரி செய்கிற வேலை ஒரு கோட் பெயிண்ட் அடிப்பது. அதுவும் மண்ணின் மூச்சை அடைக்கிற பெயிண்ட். அதற்குப் பெயர் டிசைனர் தொட்டி! வியாபாரியை மட்டும் வைதும் பயனில்லை. 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் அரசு மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது கொடுத்த 'தளை' என்கிற பொருள் தொகுப்புகளில் தென்னைநார்க் கழிவு நிரப்பும் பாலிதீன் பைகள்தான் இருந்தன. மண்தொட்டி கனம், உடையும் என்பதெல்லாம் சரி. வீட்டுக்கு ஒரே ஒரு மண்தொட்டி என்று வைத்திருந்தாலும் எத்தனை சூளைகள் எரிந்திருக்கும்?

வாய் வைத்த தொட்டி ஆறு வேண்டும் என்று தோழி முன்பணத்தை நீட்டினாள். பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பொங்கல் வரைக்கும் பானை வேலைதான் தாயி. மாசியில வாங்க. வைக்கோலு நெறய வச்சுக் கட்டித் தாரேன், பஸ்சுல மட்டும் கொண்டு போயிராதீக."